காந்தத்தை அப்புறம் பாருங்கள்

பழைய ஸ்பீக்கர் டிரைவர் சேர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

ஒரு டிரைவரைக் கையில் எடுத்ததும் புதியவர்கள் முதலில் அதைத் திருப்பி முதுகைப் பார்க்கிறார்கள். காந்தம் எவ்வளவு பெரிது, ஆல்நிக்கோவா ஃபெரைட்டா, யாருடைய முத்திரை என்று பார்க்கிறார்கள். விற்பவர் சொல்லும் விலையும் அதை வைத்துத்தான். ஆனால் அந்த டிரைவர் பாடுமா பாடாதா என்பதை முடிவு செய்வது முன்பக்கம் கோனைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஓரமும், பின்னால் மறைந்திருக்கும் ஸ்பைடரும். கோனைத் தாங்குவதும், வாய்ஸ் காயிலைக் காந்த இடைவெளியின் நட்டநடுவில் நிறுத்துவதும், அசைந்தபின் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விடுவதும் இந்த இரண்டின் வேலை. இரும்பும் காந்தமும் தலைமுறை தாண்டிக் கிடக்கும். முதலில் சாவது இவைதான். அதனால் என் அறிவுரைகள் பெரும்பாலும் இவற்றைப் பற்றியே இருக்கும்.

1. ஓரம் என்ன பொருள் என்று அடையாளம் காணப் பழகுங்கள். 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாகும் இன்றைய டைனமிக் ஸ்பீக்கருக்கு வடிவம் கொடுத்தார்கள். அதையடுத்து வந்த ஸ்பீக்கர்கள் சிலவற்றில் கோனின் ஓரம் மெல்லிய தோலால் ஆனது. பிறகு கோன் காகிதத்தையே அலை அலையாக மடித்து ஓரமாக்கினார்கள். அதன்பின் பிசின் தோய்த்த துணி, ஃபோம், ரப்பர் என்று வரிசையாக வந்தன. காகித ஓரம் விறைப்பானது. கோன் சில மில்லிமீட்டருக்கு மேல் அசையாது, ஆனால் கொஞ்சம் வாட்டிலேயே உரக்கப் பாடும். 1948இல் வந்த ஜேபிஎல் டி130 அந்த வழியில் வந்தது. பதினைந்து அங்குலக் கோன், சிறிய வால்வு ஆம்பிளிஃபயரே அதற்குப் போதும்.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர் எட்கர் வில்சர். 1954இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் அவரும் ஹென்றி க்ளாஸும் அகௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை கோனை இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு ஓரத்துக்கும் ஸ்பைடருக்கும் இருந்தது. வில்சர் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் ஒப்படைத்தார். ஓரம் தளர்வாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. ஏஆர்-3 பெட்டியிலிருந்து கழற்றிய 12 அங்குல ஊஃபர் கையில் தொளதொளவென்று இருந்தால் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்படித்தான் அதைச் செய்தார்கள்.

2. ஃபோம் ஓரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பாலியூரித்தேன் ஃபோம் எடை குறைந்தது, மிருதுவானது, கோனின் விளிம்புக்கு வரும் அதிர்வை நன்றாக உள்வாங்கும். எழுபதுகளில் உலகமெங்கும் அதைப் போட்டதில் வியப்பில்லை. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. வெயிலும் ஓசோனும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. பத்து, இருபது ஆண்டுகளில் தொட்டால் உதிரும் தூளாகிவிடும். “பெட்டியே பிரிக்காத சரக்கு” என்று சொல்வதில் இந்த விஷயத்தில் ஒரு பயனும் இல்லை. பாடாமல் கிடந்த ஃபோமும் அதே வேகத்தில்தான் மக்குகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் இன்னும் முன்னதாகவே எதிர்பார்க்கலாம். ஃபோம் ஓரம் உள்ள டிரைவரை, அந்த ஓரம் இல்லை என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள். ஜேபிஎல்லின் எல்இ வரிசையில் சில பழைய டிரைவர்களில் லான்சலாய் என்ற பொருள் இருக்கும். அது உதிர்வதற்கு முன் இறுகும். பார்வைக்கு முழுசாக இருக்கும், விரல் வைத்தால் கோன் அசையாது.

3. ஒட்டும் பசையைத் துடைக்காதீர்கள். ஆல்டெக் ஊஃபர்களின் மடிப்போரத்தில் இன்றும் காயாத ஒரு பிசின் இருக்கும். அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட்டால் சுத்தம் செய்கிறார்கள். விளிம்பு அதிர்வை அடக்கத்தான் அதைப் பூசினார்கள். துடைத்துவிட்டால் நடுப்பகுதி ஒலி கரகரக்கும். பழைய ஏஆர் ஊஃபர்களின் துணி ஓரத்தில் நிலைமை நேர்மாறு. பூச்சு காய்ந்து துணியின் கண்கள் வழியே காற்று கசியும். மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இராது. அங்கே காற்றடைக்கும் பூச்சை மெல்லியதாக மறுபடி பூச வேண்டும். இறுகிய ஓரத்தை இளக்க பிரேக் ஆயில் தடவும் வைத்தியம் ஒன்று உண்டு. நான் அதற்கு எதிரி. உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

4. வாங்குமுன் விரலும் மீட்டரும். கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் விரல்களை வைத்து, சமமாக, மெதுவாக அழுத்துங்கள். காதை அருகில் வையுங்கள். ‘சரக்’ என்று உரசினால் காயில் நடுவில் இல்லை. ஸ்பைடர் தொய்ந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், காயிலே கருகி உப்பியிருக்கலாம். பிறகு மல்ட்டிமீட்டர். 8 ஓம் டிரைவர் ஆறு ஓமை ஒட்டிக் காட்டும், 4 ஓம் என்றால் மூன்று சொச்சம். பிலிப்ஸின் பழைய டிரைவர் சிலவற்றில் நூற்றுக்கணக்கான ஓம் காட்டினால் பதற வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ரேடியோக்களுக்காக அவர்கள் 800 ஓம் ஸ்பீக்கர்களைச் செய்தார்கள். துருவம் பார்க்க 1.5 வோல்ட் பேட்டரி போதும். பிளஸ் கொடுத்தால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல்களில் உள்ளே போகும், அது அவர்களுடைய அன்றைய வழக்கம்.

5. அதிர்வெண்ணை அளந்து எழுதி வையுங்கள். டிரைவரைத் தொங்கவிட்டு, தொடரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, டோன் ஜெனரேட்டரைக் கீழிருந்து மேலே ஏற்றினால், ஓரிடத்தில் மின்மறுப்பு (இம்பிடென்ஸ்) உச்சத்துக்குப் போகும். அதுதான் அந்த டிரைவரின் இயல்பான அதிர்வெண். ஓரம் இறுகினால் அந்த எண் ஏறும், தளர்ந்தால் இறங்கும். நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த அளவுகளில் பெட்டிக் கணக்கெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது. ஜோடி என்று விற்கும் இரண்டில் இந்த எண் வெகுதூரம் விலகியிருந்தால் அவை ஜோடி இல்லை.

6. மாற்றினால் அதே பொருளைப் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். “ஃபோம் மக்கும் சார், ரப்பர் போட்டுவிடலாம், ஆயுசுக்கும் வரும்” என்பார்கள். ரப்பர் நெடுநாள் வரும், உண்மை. ஆனால் அது கனமானது. அசையும் எடை கூடும், சத்தம் குறையும், அதிர்வெண் நகரும், பெட்டிக் கணக்கு தப்பும். செய்தவர் நினைத்த ஒலி உங்கள் கைக்கு வராது. அகலமும் வளைவும் பொருந்திய ஃபோம் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

பழையதைப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். கோன் காகிதமாக இருந்தால் சுத்தம் செய்ய ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். பெக்ஸ்ட்ரீன் கோனின் பக்கத்தில் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். பிபிசியின் எல்எஸ்3/5ஏ பெட்டியில் இருந்த கெஃப் பி110 அந்த வகைக் கோன். காகிதத்தில் ஃபோமை ஒட்ட, மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை நல்லது. மெதுவாகக் காய்வதால் நடுவைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். உடனே பிடிக்கும் பசை வேண்டாம். முதலில் கோன் பக்கம் ஒட்டிக் காயவிட்டு, பிறகு ஃபிரேம் பக்கம். அப்போது 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாகக் கொடுத்து, உரசல் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். கழற்றிய பழைய ஓரத்தில் ஒரு துண்டை உறையில் போட்டு டிரைவரோடு வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு அது தேவைப்படும்.

7. ஆல்நிக்கோ காந்தத்தைப் பிரிக்காதீர்கள். இரும்புச் சுற்றிலிருந்து எடுத்த கணமே அதன் வலு குறைந்துவிடும். மறுபடி காந்தமேற்ற ஆள் தேட வேண்டும். 1978இல் அன்றைய ஜயரில் நடந்த சண்டையால் ஆல்நிக்கோவுக்கு வேண்டிய கோபால்ட்டின் விலை எகிறி, பெரும்பாலான நிறுவனங்கள் ஃபெரைட்டுக்கு மாறின. அதனால் பழையது எல்லாமே உயர்ந்தது என்று ஆகிவிடாது.

8. நிமிர்த்தி வையுங்கள். கனமான கோனைப் படுக்க வைத்தே ஆண்டுக்கணக்கில் விட்டால் ஸ்பைடர் ஒரு பக்கமாகத் தொய்யும். பெட்டியில் இருப்பதையும் அவ்வப்போது அரைச்சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். பருத்தித் துணி, சிலிக்கா ஜெல், வெயில் படாத அலமாரி. வெள்ளிப்பூச்சிக்கும் கரையானுக்கும் காகிதக் கோன் பிடித்தமான தீனி.

9. குறைவாகச் சேர்த்து, எல்லாவற்றையும் பாட வையுங்கள். ஒரே அளவு, ஒரே காலம், அல்லது ஒரே நிறுவனம் என்று வரம்பு போடுங்கள். எட்டு அங்குல ஃபுல் ரேஞ்ச் மட்டும் சேர்த்தாலே, காகித ஓரம், துணி ஓரம், ரப்பர் ஓரம் ஒரே பாட்டை எப்படி மூன்று விதமாகச் சொல்கின்றன என்று கேட்க முடியும். நல்ல பெட்டியை டிரைவருக்காக உடைக்காதீர்கள், அதன் கிராஸோவரும் சேர்ந்துதான் அந்த ஒலி.

கோன் மாற்றிப் பழகிய கைகள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகின்றன. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப் பரணில் பழைய ரேடியோவோ ஸ்பீக்கர் பெட்டியோ கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் கோனின் ஓரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.