வீட்டு பீரைச் சுவைக்கும் மாலைகள்: சில குறிப்புகள்

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கென வீட்டில் பீர் தயாரிப்பதற்கு 1978-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வழிவிட்டது, விற்பதற்கு அன்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1974-இல் தோன்றிய மால்டோஸ் ஃபால்கன்ஸ் போன்ற வீட்டு பீர் தயாரிப்போர் சங்கங்களின் சுவைப்பு மாலைகளில், மென்மையான வகைகள் முதலிலும் கசப்பும் ஆல்கஹாலும் மிகுந்தவை இறுதியிலும் பரிமாறப்பட வேண்டும். வரிசை மாறினால் நாக்கு மரத்துப்போய், பின்வருவதன் நுட்பம் புலப்படாது.

ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் புட்டிக்குள்ளேயே சர்க்கரையை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குவதால் அடியில் வண்டல் தங்குகிறது; ஆகவே புட்டியை முந்தைய நாளே நிமிர்த்திவைத்துக் குளிரூட்டி, ஒரே சாய்வில் மெல்ல ஊற்றி, கடைசி விரற்கடை அளவை விட்டுவிடுவது நன்று. ஒருவருக்கு ஒரு வகையில் 60 முதல் 90 மி.லி. போதும். அருந்துமுன் முகர்வதே முக்கியம், ஏனெனில் குறைகள் பெரும்பாலும் மணத்திலேயே வெளிப்படும்: வெண்ணெய் மணம் டைஅசிட்டைல் எனும் சேர்மத்தைக் காட்டும், வேகவைத்த சோளத்தின் மணம், மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் சாறு போதிய நேரம் கொதிக்கவில்லை என்பதைக் குறிக்கலாம்.

தயாரித்தவர் எதிரிலேயே அமர்ந்திருப்பதால் புகழ்ச்சி எளிதில் வரும்; அவருக்கோ அது சிறிதும் பயன்படாது. வாகனம் ஓட்டிச் செல்பவர் அருந்தாதிருக்க வேண்டும். முகர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல அவருக்குத் தடையில்லை.