நாயின் காயமும் நமது கடமையும்



மனிதன் தன்னோடு வாழப் பழக்கிய விலங்குகளுள் நாயே முதன்மையானது. ஆடும் மாடும் நம் வீட்டு முற்றத்திற்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நாய் மனிதனைப் பின்தொடரத் தொடங்கிவிட்டது. இன்றும் தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் அது வாயிலில் படுத்துக் காவல் காக்கின்றது. நம்மைக் காக்கும் அவ்விலங்கிற்குக் காயம் பட்டால் அதனைக் காப்பது நம் கடமை அன்றோ?

நம் நாட்டில் நாய்களுக்குக் காயம் படுவதற்குப் பல காரணங்கள் உண்டு. செம்பனை மட்டையின் முள் பாதத்தில் ஏறிவிடும். உடைந்த கண்ணாடித் துண்டு காலைக் கிழித்துவிடும். சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதிவிடும். கால்நடை மருத்துவர் காயத்தைக் கழுவி, தையல் இட்டு, மருந்து வைத்துக் கட்டி அனுப்புவார். ஆனால், இரவில் வீட்டார் உறங்கும் வேளையில் நாய் அக்கட்டைக் கடித்துக் கிழித்துவிடும். மருத்துவர் செய்த வேலையெல்லாம் பத்து நிமிடத்தில் வீணாகிவிடும். இதனைத் தடுக்கும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

நாய் ஏன் நக்குகின்றது?

நமக்கு முழங்காலில் அடிபட்டால் உடனே கையால் தேய்த்துக்கொள்கிறோம். நாய்க்குக் கை இல்லை. நாக்குத்தான் அதன் கை. காயத்தில் ஒட்டிய மண்ணையும் அழுக்கையும் அகற்றவும் வலியைத் தணிக்கவும் அது நக்குகின்றது. இஃது அதன் பிறவிக் குணம்.

நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. பண்டைய கிரேக்க நாட்டில் மருத்துவக் கடவுளின் கோயில்களில் நாய்கள் வளர்க்கப்பட்டன. அவை நக்கினால் நோய் நீங்கும் என்று மக்கள் நம்பினர். எச்சிலில் சிலவகைக் கிருமிகளை அழிக்கும் பொருள்கள் சிறிதளவு இருப்பது உண்மையே. ஆயினும், அதே வாயில் புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் கிருமிகளும் நிறைந்துள்ளன. ஆகவே, இயற்கை அளித்த பழக்கம் என்பதற்காக அதனைத் தடுக்காமல் விடுதல் தவறாகும்.

நக்குவதால் விளையும் கேடுகள்

 நாயின் நாக்கு மீண்டும் மீண்டும் உரசும்போது புதிதாக வளரும் மெல்லிய தோல் பெயர்ந்துவிடும். தையல் நூல் அறுந்து காயம் வாய் பிளந்துவிடும். எச்சிலால் நனைந்த கட்டு விரைவில் காயாது. அந்த ஈரத்தில் கிருமிகள் பெருகும். ஈக்கள் மொய்த்து முட்டையிட்டால் புழுக்களும் தோன்றும்.

இவற்றினும் கொடிய கேடு ஒன்று உண்டு. கடித்த துணியை நாய் விழுங்கிவிடலாம். நீண்ட துணிச்சுருள் குடலில் சிக்கினால் குடல் சுருங்கி மடிந்து அடைபடும். அந்நிலையில் அறுவைச் சிகிச்சையின்றி உயிர் பிழைப்பது அரிது. கட்டின் ஒரு பகுதி காணாமற்போய், நாய் வாந்தி எடுத்து உணவையும் மறுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முதலில் கட்டைப் பாருங்கள்

நாய் கட்டைக் கடிப்பதைக் கண்டவுடன் அதட்டுகிறோம். சிலர் அடிக்கவும் செய்கின்றனர். அது முறையன்று. வாய் பேச இயலாத விலங்கு அது. "கட்டு இறுக்கமாக உள்ளது, உள்ளே வலிக்கிறது" என்பதைக் கடித்துக் காட்டுவதன்றி அதற்கு வேறு மொழி ஏது? ஆதலால், தடுக்கும் முன்னர்க் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

காலில் கட்டும்போது, நடுவிலுள்ள இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரியும்படி மருத்துவர் விட்டுவைப்பதுண்டு. காலையிலும் மாலையிலும் அவ்விரல்களைப் பெரியவர்களின் துணையோடு பார்க்க வேண்டும். அவை வீங்கியிருந்தாலும், ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றாலும், தொட்டால் குளிர்ச்சியாக இருந்தாலும் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் காலையே இழக்க நேரிடும். கட்டிலிருந்து தீய நாற்றம் வந்தாலும், கட்டு நனைந்தாலும், நழுவினாலும், அதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரெனக் கடிக்கத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். இவ்வறிகுறிகள் எவையும் இல்லை என்று கண்ட பின்னரே, பழக்கத்தால் கடிக்கின்றது எனக் கொண்டு தடுப்பு முறைகளைக் கையாளலாம்.

கூம்புக் கழுத்துப்பட்டை

மருத்துவர்கள் பெரிதும் நம்பும் கருவி, நாயின் கழுத்தைச் சுற்றி மாட்டப்படும் கூம்பு வடிவப் பட்டை. இதற்கு எலிசபெத் பட்டை என்று பெயர். 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், செல்வர்கள் கழுத்தைச் சுற்றி அகன்ற மடிப்புத் துணி அணிந்தனர். அதனைப் போன்ற தோற்றம் உடையதால் இப்பட்டை இப்பெயர் பெற்றது.

கூம்பின் விளிம்பு நாயின் மூக்கு நுனியைத் தாண்டிச் சற்று நீண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நாய் எளிதில் காயத்தை எட்டிவிடும். கழுத்தில் நம் இரண்டு விரல்கள் நுழையும் அளவிற்கு இடைவெளி வேண்டும். முதல் நாள் நாய் சுவரிலும் நாற்காலியிலும் இடித்துக்கொள்ளும். அசையாமல் நின்று நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். அப்பார்வைக்கு இரங்கிப் பட்டையைக் கழற்றிவிடுதல் கூடாது. ஓரிரு நாள்களில் அது பழகிவிடும். உணவுத் தட்டைச் சற்று உயரமான இடத்தில் வைத்தால் அதனால் உண்ண இயலும். அப்படியும் உண்ணாவிடில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் கழற்றி, உணவு முடிந்தவுடன் மீண்டும் மாட்ட வேண்டும். தையல் பிரிக்கப் பொதுவாக 10 முதல் 14 நாள்கள் ஆகும். அதுவரை, சிறப்பாக இரவு நேரத்தில், பட்டை கழுத்திலேயே இருத்தல் நலம்.

பிற வழிகள்

வயிற்றிலோ முதுகிலோ காயம் இருந்தால், பழைய பனியனை நாய்க்கு அணிவிக்கலாம். முன்னங்கால்களைக் கைப்பகுதிகளில் நுழைத்து, தொங்கும் துணியை முதுகின்மேல் முடிச்சிட வேண்டும். பாதத்தில் காயமானால், கட்டின்மேல் தூய காலுறையை மாட்டலாம். ஆனால், அது நழுவாமலிருக்க ரப்பர் வளையம் போடவே கூடாது. அவ்வளையம் உரோமத்தினுள் மறைந்து தசையை அறுத்துவிடும்.

மழையில் வெளியே அழைத்துச் செல்ல நேர்ந்தால் காலில் நெகிழிப் பை ஒன்றைக் கட்டலாம். வீடு திரும்பியதும் அதனை அகற்றிவிட வேண்டும். நாய்க்குப் பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளமையால் பைக்குள் ஈரம் தேங்கிவிடும்.

கசப்பு மருந்தைக் கட்டின் வெளிப்புறத்தில் தெளிப்பதும் ஒரு முறை. 1958ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட டெனட்டோனியம் என்னும் பொருள், மனிதன் அறிந்த பொருள்களுள் மிகக் கசப்பானவற்றுள் ஒன்று. விலங்குகளுக்கென விற்கப்படும் கசப்பு மருந்துகள் சிலவற்றில் அது சேர்க்கப்படுகின்றது. இதனைக் காயத்தின்மேல் தெளிக்கக் கூடாது. சில நாய்கள் கசப்பையும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே இதனை மட்டும் நம்பியிருக்க இயலாது.

நாய் பொழுது போகாமலும் கட்டைக் கடிக்கும். எனவே, மருத்துவர் இசைந்தால் கயிற்றில் பிடித்துச் சிறிது தூரம் நடத்தலாம். உள்ளே உணவு வைத்த கெட்டியான ரப்பர் பொம்மையைக் கொடுக்கலாம். அருகில் அமர்ந்து அன்பாகத் தடவிக் கொடுப்பதும் அதற்கு மருந்தே. கட்டை விட்டுவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது பாராட்டுவோமாயின், அது விரைவில் கற்றுக்கொள்ளும்.

செய்யத் தகாதவை

மிளகாய், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கட்டில் தடவுவது கொடுமை. காப்பித்தூள், மஞ்சள் முதலியவற்றைத் தையலிட்ட காயத்தில் அப்புவதும் தவறு. வலியைப் போக்குவதாக எண்ணி நாம் உண்ணும் மாத்திரைகளைக் கொடுத்தல் பேராபத்து. பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கக்கூடும். ஐபுபுரூபன் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மருத்துவர் அளித்ததை மட்டுமே கொடுக்க வேண்டும்.

நமது பாதுகாப்பு

வலியால் துடிக்கும் நாய், வளர்த்தவரையும் கடித்துவிடும். ஆகவே, மாணவர்கள் தனியே கட்டைத் தொடலாகாது. தெருவில் காயத்துடன் கிடக்கும் அறியாத நாயை நெருங்காமல் பெரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டில் சரவாக் மாநிலத்தில் வெறிநோய் பரவி உயிர்கள் பறிபோனதை நாம் மறத்தலாகாது. நாய் கடித்தாலோ, நம் புண்ணில் நக்கினாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தம் விலங்கிற்கு உரிய பராமரிப்பை அளிக்க வேண்டும் என விதிக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும் அன்பினால் செய்வது சிறப்பு. இரண்டு வாரப் பொறுமை ஒரு நாயின் காலைக் காக்கும். சில வேளைகளில் உயிரையே காக்கும். அப்பொறுமையை நாம் பழகுவோமாக.

சிந்தித்து விடை எழுதுக

1. நாய் கட்டைக் கடிக்கும்போது அதனை அடித்தல் ஏன் முறையன்று?
2. கட்டு இறுகிவிட்டதை எவ்வாறு அறியலாம்?
3. கட்டின்மேல் ரப்பர் வளையம் போடக் கூடாது என்பதன் காரணம் யாது?