வெளிர் நிற மரமா? ஆசாரியிடம் பேசும் முன்...

தேக்கு, ஈட்டி என்று கறுத்து மினுங்கும் மரத்தையே கௌரவமாக நினைத்த வீடுகளில் இப்போது ரப்பர் மரம், பைன், ஆஷ், ஓக் என வெளுப்பான மரங்கள் குடியேறுகின்றன. அடுக்குமாடி வீட்டின் சின்ன அறைகளுக்கு அவை அழகுதான். ஆனால் கடையில் பார்த்த நிறம் அப்படியே நிற்கும் என்று நம்பி வாங்கினால், இரண்டு வருடத்தில் ‘நாம் வாங்கியது இதுதானா?’ என்று தோன்றும்.

1. வெளுத்த மரம் என்றாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. தேக்கிலேயே வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிதான் முதலில் உளுத்துப் போகும். ரப்பர் மரமும் அப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் குறைந்துபோன, சுமார் 25 முதல் 30 வயதான மரங்களை வெட்டித்தான் பலகை ஆக்குகிறார்கள். அதில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் அது நாற்காலியாக நீடிக்கும். எனவே விலை பேசுவதற்கு முன், ‘மருந்து ஏற்றியதா, சூளையில் காய்ந்ததா?’ என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பலகையில் நீலம் பாய்ந்த கறை தெரிந்தால் அது பூஞ்சையின் வேலை; வேறு பலகை கேளுங்கள்.

2. கடைக்காரர் தரும் மாதிரித் துண்டை இரண்டாக அறுத்து வாங்குங்கள். ஒன்றை வெயில் விழும் ஜன்னலோரத்திலும், மற்றதைப் பீரோவுக்குள்ளும் ஒரு மாதம் வையுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் மேஜை எந்தப் பக்கம் போகப்போகிறது என்று புரிந்துவிடும். பைன் மரம் மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். பலா இன்னும் மோசம், அல்லது இன்னும் அழகு, உங்கள் ரசனையைப் பொறுத்தது: இழைத்த அன்று பளிச்சென்ற மஞ்சள், சில வருடங்களில் நல்ல பழுப்பு. வெளிர் நிறம் நிலைக்க வேண்டும் என்பவர்களுக்குப் பலா சரிவராது.

3. நிறத்தைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்த இடம் பாலிஷுக்கு. எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் பூசிய அன்றே லேசாக மஞ்சளடிக்கும். போகப் போக அது கூடும். தண்ணீர் அடிப்படையிலான பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் கேளுங்கள். ‘தண்ணியில பாலிஷா?’ என்று சில ஆசாரிகள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஒரு துண்டுப் பலகையில் பூசிக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டாம், ‘மேட்’ போதும்; இல்லாவிட்டால் மரத்தின் ரேகைக்குப் பதிலாக டியூப்லைட்டின் பிம்பம்தான் தெரியும்.

4. ஓக் மரச் சாமான்களைக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. அந்த மரத்தில் உள்ள டானினும் இரும்புத் துகளும் ஈரத்தில் சேர்ந்தால் மை கொட்டினாற்போல் கறுத்துவிடும். சாதா இரும்பு ஆணிக்கும் இதே கதை.

5. தந்த நிற டைல்ஸ், வெள்ளைச் சுவர், அதன் மேல் வெளிர் மரம் என்று எல்லாமே வெளுப்பாக இருந்தால் வீடு பெரிதாகத் தெரிவதற்குப் பதில் ஆஸ்பத்திரி வார்டு போலாகிவிடும். பழைய சிவப்பு ஆக்சைடு தரையோ, ஆத்தங்குடிக் கல்லோ இருக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அதன் மேல் ஒரு வெளிர் மர பெஞ்சு போட்டாலே போதும், அறை எழுந்து நிற்கும். டைல்ஸ் வீடு என்றால் ஒரு சுவரிலாவது காவி, கரும்பச்சை போன்ற அழுத்தமான நிறம் இருக்கட்டும்.

6. பல்பையும் கவனியுங்கள். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் வெளிர் மரம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். 3000 முதல் 4000 கெல்வின் வரை உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.

7. சமையலறையில் நிஜ மரம் வேண்டாம் என்பது என் கட்சி. நம் சமையலில் எண்ணெய்க் கையும் மஞ்சள் கையும் கதவின் ஒரே மூலையைத்தான் நாள் முழுக்கத் தொடுகின்றன. ஆறே மாதத்தில் அந்த மூலை மட்டும் தனி நிறம். மர ரேகை போட்ட மைக்கா ஒட்டி, நீளமான கைப்பிடி வைத்துவிடுங்கள். சிங்க் அடியில் வரும் பிளைவுட் மட்டும் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். சாப்பாட்டு மேஜையில் மஞ்சள் கறை பட்டுவிட்டால் பதற்றத்தில் உப்புத்தாளைத் தேடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, வெயில் படும் பக்கமாக நகர்த்தி வையுங்கள். வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் தானாக மங்கும்.

8. போட்டோ பிரேம், டேபிள் மேட் எல்லாவற்றையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள். அசையாமல் இருந்தால் அடியில் மட்டும் பழைய நிறம் தங்கி, வட்டமும் சதுரமுமாகத் தெரியும்.

9. பூஜை அலமாரியை வெளிர் மரத்தில் செய்ய ஆசைப்பட்டால் செய்யுங்கள். விளக்கு வைக்கும் தட்டு மட்டும் கிரானைட்டாக இருக்கட்டும். விளக்குக்கு நேர் மேலே பலகை வராமல் திறப்பாக விடச் சொல்லுங்கள். புகைக்கரியும் சூடும் முதலில் பாய்வது அங்கேதான்.