கூடையடியில் மோதல்: தவறு யாருடையது?

கேள்வி: கூடைப்பந்தில் கூடைக்கருகே இருவர் மோதினால், தவறு யாருடையது என்று நடுவர் எப்படித் தீர்மானிக்கிறார்?

பதில்: ஃபிபா எனப்படும் பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, எதிராளியை நோக்கி இரு பாதங்களையும் தரையில் ஊன்றிய தடுப்பாளர் சட்டப்பூர்வக் காவல்நிலையை அடைகிறார், எதிராளி தரையை விட்டு எழும்புமுன் அந்நிலையை எடுத்தவரின் மார்பில் மோதுவது ‘சார்ஜிங்’ என்னும் பாய்ந்தவரின் தவறாகவும், எழும்பியபின் அவர் வழியில் புகுவது ‘பிளாக்கிங்’ என்னும் தடுத்தவரின் தவறாகவும் கொள்ளப்படும். ஆகவே தேர்ந்த நடுவரின் பார்வை பந்தைவிடத் தடுப்பாளர்மீதே பதிந்திருக்கும். கூடைக்கு நேர்க்கீழ்ப் புள்ளியிலிருந்து 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தையோ அதன் கோட்டையோ தடுப்பாளரின் பாதம் தொட்டிருக்கையில், பந்துடன் உள்ளே பாய்ந்து எழும்பியவர் எறியவோ கைமாற்றவோ முயன்று மோதினால், அவர் கை கால்களையோ உடலையோ முறைகேடாகப் பயன்படுத்தினாலொழிய அது சார்ஜிங் ஆகாது. அந்தரத்தில் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவருக்கு இவ்விதி அளிக்கும் பாதுகாப்பு மிக நியாயமானது. கீழே விழுந்தவர் யார் என்பது மட்டும் தீர்ப்புக்கு ஆதாரமாகாது.