தூண்டியது யார்?

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய தீர்ப்பின் தமிழாக்கத்தை நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். நடை தங்குதடையில்லாமல் போகிறது. பன்னிரண்டாம் பத்தியில்தான் என் பென்சில் நின்றுவிட்டது. 'அண்டை வீட்டார் தூண்டியதன்பேரில் அவர் புகார் கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறாய். ஆங்கில மூலத்தில் இருப்பது 'ப்ராம்ப்ட்'. பயந்துபோயிருந்த பெண்ணிடம் 'ஸ்டேஷனுக்குப் போம்மா' என்று நாலு பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'தூண்டி' என்றதும் அந்தப் புகாரே பிறர் சொல்லிக்கொடுத்த கதைபோல ஆகிவிடுகிறது. 'சொன்னதன்பேரில்' போதும்.

நானும் செய்த தப்புதான் இது. ஆரம்பத்தில் ப்ராம்ப்ட், அர்ஜ், இன்ஸ்டிகேட் மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'தூண்டு' போட்டேன். ஒரு மூத்த வழக்கறிஞர் தாளைத் திருப்பிக் கொடுத்து, 'உங்கள் தமிழில் குற்றவாளிகள் கூடிவிட்டார்களே' என்றார்.

இன்ஸ்டிகேட்டின் லத்தீன் வேருக்குக் குத்தி விரட்டுவது என்று பொருள். தார்க்குச்சியை நினைத்துக்கொள்: நுனியில் ஆணி, மாட்டின் தொடையில் ஒரு குத்து. நம் 'தூண்டு' அகல்விளக்கின் திரிக்கும் உரியது. ஆர்வத்தையும் தூண்டலாம், கலவரத்தையும் தூண்டலாம். நீதிமன்றத் தாளில் ஏறியபின் அந்த நல்ல பொருள் அதற்கு மிஞ்சுவதில்லை. ஆகவே சட்டம் 'இன்ஸ்டிகேட்' என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் அதை ஒதுக்கி வை.

அதற்காக 'உசுப்பிவிட்டார்', 'கொம்பு சீவிவிட்டார்' என்றும் போய்விடாதே. தூண்டுதலுக்குச் சூடு வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 45ஆம் பிரிவு) தரும் உதாரணத்தைப் பார். ஒருவரைப் பிடிக்க வாரண்டோடு அதிகாரி வருகிறார். விஷயம் தெரிந்த ஒருவன் வேண்டுமென்றே இன்னொருவரைக் காட்டி 'இவர்தான் அவர்' என்று சொல்லிப் பிடிக்கவைக்கிறான். குரலே உயரவில்லை, ஆனாலும் அது தூண்டுதல்.

மறுபக்கமும் உண்டு. சத்தீஸ்கரிலிருந்து வந்த தற்கொலை வழக்கொன்றில் 2001இல் உச்ச நீதிமன்றம், விளைவு நேரவேண்டும் என்ற நோக்கமில்லாமல் கோபத்தில் வந்துவிழும் வார்த்தை தூண்டுதல் ஆகாது என்றது. சண்டையில் கணவர் சொன்னது 'உன் இஷ்டப்படி செய், எங்கே வேண்டுமானாலும் போ' என்ற அளவில்தான். தற்கொலைக்குத் தூண்டிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான தண்டனை நின்றது. இரண்டு குற்றங்களுக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு வினைச்சொல்தான்.

உன் பத்தொன்பதாம் பத்தியிலும் அப்படியொரு சண்டை வருகிறது. 'சாகும்படி தூண்டினார்' என்று போட்டிருக்கிறாய். சாட்சி தமிழில்தான் சொல்லியிருப்பார். அது ஆங்கிலமாகி உன்னிடம் திரும்பி வந்திருக்கிறது. சாட்சியத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கு. அங்கே இருப்பது 'போய்ச் சாவு' என்பதா, 'எங்கேயாவது போய்த் தொலை' என்பதா என்று பார்த்து எனக்கு எழுது. அதுவரை அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அண்ணன்