தெளிந்த நீரும் தூய நீரும்

1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நெதர்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி நடைபெற்றது. அங்குக் குமிழிகள் பொங்கும் வெந்நீர்க் குளியல் தொட்டிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. தொட்டிக்குள் இறங்காமல், கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தோரே நோயுற்றனர். 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

காரணம் யாது? வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா விரைந்து பெருகும். குமிழிகள் உடையும்போது எழும் நுண்துளிகள், மூச்சுக்காற்றோடு அதனை நுரையீரலுக்குள் கொண்டு செல்லும்.

கிருமிகளை அழிக்கும் குளோரின், வெந்நீரில் விரைவாகக் குறைந்துவிடும். ஆகவே, புதிதாகத் தொட்டி வாங்கியோர் சோதனைத் தாளால் நீரை அடிக்கடி சோதித்தல் வேண்டும். 1 லிட்டர் நீரில் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் இருத்தல் வேண்டும். பி.எச். அளவு 7.0 முதல் 7.8 வரை இருக்கலாம். வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டலாகாது. வடிகட்டியைக் கழுவுதலும், நீரை உரிய காலத்தில் மாற்றுதலும், உடலைக் கழுவியபின் தொட்டியில் இறங்குதலும் இன்றியமையாதவை.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
யாது – எது
தாண்டலாகாது – தாண்டக்கூடாது
இன்றியமையாதவை – கட்டாயம் தேவையானவை

வினாக்கள்
1. தொட்டியில் இறங்காதோரும் நோயுற்றது ஏன்?
2. வெந்நீரை அடிக்கடி சோதிக்க வேண்டியது ஏன்?
3. உம் வீட்டில் நீர் தேங்கும் இடங்கள் யாவை? அவற்றைத் தூய்மை செய்யும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.