வெப்பநிலை உணரிப் பழுது: டிஷ்வாஷர் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிஷ்வாஷர் எனப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் திரையில் வெப்பநிலை தொடர்பான பிழைக் குறியீடு தோன்றியவுடன், வெப்பநிலை உணரி கெட்டுவிட்டது, அதை மாற்றினால் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடுவது பரவலான வழக்கமாக இருக்கிறது. ஆனால் எந்த உறுப்பு பழுதடைந்தது என்பதைக் குறியீடு சொல்வதில்லை. இயந்திரத்தின் மூளையாகச் செயல்படும் மின்னணுப் பலகைக்கு, அதாவது கண்ட்ரோல் போர்டுக்கு, வந்து சேர்ந்த அளவீடு நம்பத்தகாததாக இருந்தது என்பதையோ, நீர் உரிய நேரத்துக்குள் உரிய சூட்டை எட்டவில்லை என்பதையோ மட்டுமே அது தெரிவிக்கிறது. முன்னது அளவிடும் பாதையின் குறை, பின்னது சூடேற்றும் பாதையின் குறை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் நல்ல உணரிகள் பல குப்பைக்குப் போகின்றன.

பெரும்பாலான இயந்திரங்களில் உணரியாகப் பயன்படுவது தெர்மிஸ்டர் என்னும் சிறு பாகம். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டு உருவாக்கப்படும் இப்பொருளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். சாதாரண உலோகக் கம்பியில் நிகழ்வதற்கு இது நேர்மாறானது. சில்வர் சல்பைடு என்னும் சேர்மத்தில் இப்பண்பை மைக்கேல் ஃபாரடே 1833ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார். 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோஓம் மின்தடை காட்டும் பரவலான வகையொன்று, 60 டிகிரியில் ஏறத்தாழ 2.5 கிலோஓம் மட்டுமே காட்டும். கண்ட்ரோல் போர்டு ஒரு சிறிய மின்னழுத்தத்தை உணரியின் வழியே செலுத்தி, திரும்பி வரும் அளவைக் கொண்டு நீரின் சூட்டைக் கணக்கிடுகிறது. கம்பி அறுந்துவிட்டால் மின்தடை எல்லையற்றதாகி, நீர் உறைநிலைக்கும் கீழே இருப்பதாகக் கணக்கு வரும். இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டாலோ, கொதிநிலையைத் தாண்டிவிட்டதாக வரும். இரண்டும் நடக்க இயலாதவை என்பதால் போர்டு வேலையை நிறுத்திக் குறியீட்டைக் காட்டுகிறது.

மின்தடையை அளக்கும் கருவியான மல்டிமீட்டரில் பீப் ஒலி கேட்டால் உணரி நலமாக உள்ளது, கேட்காவிட்டால் கெட்டுவிட்டது என்னும் நம்பிக்கை, மின்கம்பிகளைச் சோதிக்கும் பழக்கத்திலிருந்து வந்தது. சில பத்து ஓம்களுக்குக் கீழான மின்தடையைக் கண்டால்தான் அக்கருவி ஒலி எழுப்பும். ஆயிரக்கணக்கான ஓம்களில் இயங்கும் தெர்மிஸ்டர் நலமாக இருந்தால் ஒலி எழவே கூடாது. ஆகவே இங்கே பீப் ஒலி நோயின் அறிகுறி. கருவியை ஓம் அளவீட்டுக்குத் திருப்பி எண்ணைப் படிப்பதே சரியான முறை. அப்படிப் படிப்பவர்களும் வேறொரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். உற்பத்தியாளரின் அட்டவணையில் 10 கிலோஓம் என்று இருக்கையில் கருவி 7 கிலோஓம் காட்டினால், உணரி பிசகிவிட்டது என்கிறார்கள். அட்டவணையின் எண் 25 டிகிரிக்கு உரியது. சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையில் 34 டிகிரி சூட்டில் அதே உணரி 7 கிலோஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுவதே இயல்பு. ஒற்றை எண்ணை நம்பாமல், கழற்றிய உணரியின் முனையை வெந்நீரில் அமிழ்த்தி, அருகில் ஒரு வெப்பமானியையும் வைத்து, மின்தடை தாவல் இல்லாமல் சீராக இறங்குகிறதா என்று பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே இச்சோதனைகள் எவற்றையும் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

உணரி நலமாக இருந்தும் குறியீடு மறையாவிட்டால், அடுத்து ஐயப்பட வேண்டியவை கம்பிகளும் கனெக்டர்களும் ஆகும். போர்டு கதவுக்குள் பொருத்தப்பட்ட வகைகளில் கம்பிக்கட்டு கதவின் கீல் அருகே ஒவ்வொரு முறையும் மடங்கி விரிவதால், மேலுறை முழுதாகத் தோன்றினாலும் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கக்கூடும். கதவு மூடிய நிலையில் மட்டும் தோன்றும் பழுதுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. ஈரத்தால் களிம்பு பிடித்த கனெக்டர் இன்னும் நயவஞ்சகமானது. முற்றிலும் அறுபடாமல் 1 கிலோஓம் அளவுக்குக் கூடுதல் மின்தடையைச் சேர்த்துவிட்டாலே, 60 டிகிரி நீரை 51 டிகிரி என்று போர்டு தவறாகப் படிக்கும். குறியீடு எதுவும் தோன்றாமலேயே நீர் தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டிருக்கும். உணரியின் முனையில் ஒரு முறையும், அதே கம்பிகளைப் போர்டின் பக்கத்திலிருந்து கழற்றி அங்கே ஒரு முறையும் அளந்து ஒப்பிட்டால், குறை கம்பியிலா உணரியிலா என்பது தெரிந்துவிடும்.

சூடேறவில்லை என்று சொல்லும் குறியீட்டுக்கு இயந்திரத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்க முடியும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஹீட்டரின் மின்தடை ஏறத்தாழ மாறாதது. எனவே அதன் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், கோடை மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாகச் சரிந்தால் 1225 வாட் அளவே தரும். 4 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, நீரை மட்டும் கணக்கில் கொண்டால், முன்னதற்கு 5 நிமிடமும் பின்னதற்கு 8 நிமிடமும் ஆகும். பாத்திரங்களும் தொட்டியின் சுவர்களும் உறிஞ்சும் வெப்பத்தையும் சேர்த்தால் இரண்டும் இன்னும் நீளும். போர்டு தனக்கு வகுத்த காலக்கெடு கடந்ததும் பழுது என்று அறிவிக்கும். பகலில் ஒழுங்காக ஓடி மாலையில் மட்டும் குறியீடு காட்டும் இயந்திரத்தில் உணரியை மாற்றுவது வீண்செலவு. மின்னழுத்தமும் சரியாக இருந்தால் ஹீட்டரை அளக்கலாம்: 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம் அளவில் மின்தடை இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் போர்டிலுள்ள ரிலே, அதாவது ஹீட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், கருகியிருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் விட்டால் பழுது சரியாகிவிடும் என்பது அரை உண்மை. போர்டின் நினைவில் பூட்டிக்கிடக்கும் குறியீடு அதனால் அழியலாம். அறுந்த கம்பி ஒட்டிக்கொள்ளாது.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் ஊர்களில் எல்லாப் பழியும் உப்புப் படிவின் மேல் விழுகிறது. படிவு உணரியின் மின்தடையை மாற்றுவதில்லை. உணரியின் மேல் போர்வையாகப் படர்ந்து, நீரின் சூடு உணரியை எட்டுவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. உண்மையான கேடு ஹீட்டருக்குத்தான் நேர்கிறது: படிவின் ஊடே வெப்பம் எளிதில் வெளியேற முடியாததால் ஹீட்டர் தன்னுள்ளேயே அளவுக்கு மீறிச் சூடாகி ஆயுள் குறைகிறது. இதைத் தடுக்கவே நீரை மென்மையாக்கும் அறை அமைக்கப்பட்டிருக்கிறது; அதில் இடவேண்டியது டிஷ்வாஷருக்கென்று விற்கப்படும் பரல் உப்பே தவிர, கட்டிபிடிக்காமல் இருக்க வேறு பொருள்கள் கலந்த சமையல் தூள் உப்பு அன்று. பிளாஸ்டிக் டப்பாக்கள் ஈரமாகவே வெளிவருவதையும் உணரியின் குறையாகக் கருத வேண்டியதில்லை. எவர்சில்வரும் பீங்கானும் தேக்கிவைக்கும் அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் வெப்பத்தைத் தேக்கிவைப்பதில்லை என்பதால் அதன்மேல் நிற்கும் நீர் ஆவியாவதில்லை.

உணரி கிடைக்காதபோது அதன் இடத்தில் 10 கிலோஓம் மின்தடையம் ஒன்றை ஒட்டவைத்து இயந்திரத்தை ஓட்டிவிடலாம் என்னும் குறுக்குவழியை இவற்றோடு சேர்த்து மூடநம்பிக்கை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது, அது ஆபத்து. அவ்வாறு செய்தால் நீர் எந்நேரமும் 25 டிகிரியிலேயே இருப்பதாகப் போர்டு கருதி, காலக்கெடு கடக்கும் வரை ஹீட்டரை அணைக்காமல் ஓடவிடும். மிகைச்சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கும் என்றாலும், அது கடைசி அரணே அன்றி நாள்தோறும் சூட்டைக் கட்டுப்படுத்த வடிவமைக்கப்பட்டதன்று. அந்த அரணும் தவறினால் பிளாஸ்டிக் பாகங்கள் உருகும். தீ விபத்துக்கும் வழியுண்டு.

உணரியோ போர்டோ கெட்டுவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், பணம் கொடுக்கும் முன் அந்த உணரியின் ஓம் அளவையும், அந்த நேரத்து வீட்டு மின்னழுத்தத்தையும் கண்முன்னே அளந்து காட்டும்படி வாடிக்கையாளர் கேட்க வேண்டும். அளக்காமல் பாகத்தை மாற்ற முனைபவரைத் திருப்பி அனுப்புவதே நல்லது.